ஆறேகால் வண்டியும் மில் பஸ்ஸும்

பிப்ரவரி 2, ஞாயிறு

வீட்டுக்காரர் காலையில் வந்தார். மே மாதக் கடைசிக்குள் காலிசெய்து தர வேண்டுமாம். இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப்போகிறார். காபி கொடுத்தோம், குடித்தார், வருத்தமாகத்தான் போனார்.

அவர் போனதும் ஜெசிந்தா கேட்டாள். "இன்னொரு வாடகை வீடா, பஸ்ஸா?"

"பஸ்."

"பேச்சு மாறக்கூடாது."

"நான் எப்ப மாறினேன்?"

"கொடைக்கானல் போறோம்னு கூட்டிட்டுப் போயி, பாதி வழியில சாலை மறியல்னு இறங்கி, என்னைய ஒரு டீக்கடையில உக்கார வச்சீங்களே, அப்ப."

பத்து வருடமாகப் பேசிவந்த திட்டம் இது. ஒரு பழைய பேருந்து வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை வைத்து, அதையே வீடாக்கி ஊர் ஊராக இருப்பது. நான் செய்தித்தாளில் மாவட்ட நிருபராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அவள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து போன ஜூனில் ஓய்வு பெற்றாள். திண்டுக்கல்லில் எங்களைப் பிடித்துவைக்க இனி எதுவும் இல்லை. கட்டில், பீரோவை மகள் எடுத்துக்கொள்வாள்.

ஓட்டப்போவது நான். செய்தித்தாளில் சேருவதற்கு முன் அப்பாவின் லாரியை இரண்டு வருடம் ஓட்டினேன். கனரக உரிமத்தை அதன்பின் ஒரு முறைகூடப் புதுப்பிக்கத் தவறியதில்லை. ஜெசிந்தாவுக்குக் காரோடு சரி. என் உரிமம் இந்த ஜூனில் முடிகிறது. புதுப்பிக்கக் கண் டாக்டர் சான்றிதழ் வேண்டும். அது ஒரு வேலையே இல்லை.

பிப்ரவரி 8, சனி

கரூர். நாச்சிமுத்துவின் பட்டறை. பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்கள். கூரையும் கதவும் இல்லாமல், முகத்தில் துண்டு கட்டிய டிரைவரோடு வெறும் சேசிஸாக வந்து சேரும் வண்டி, பஸ்ஸாக வெளியே போகிறது. பின்பக்கக் காலி இடத்தில் ஓடி முடித்த வண்டிகள் நிற்கின்றன. விற்கவும் செய்கிறார்.

"ஊடு மாதிரி இருக்கோணுமா, ஊடாவே இருக்கோணுமா?" என்று கேட்டார்.

"வீடாவே" என்றாள் ஜெசிந்தா.

"அப்பச் சரி. பாடிய எப்புடி வேணும்னாலும் கட்டிப்போடலாமுங்க. கூரைய ஏத்தலாம், சன்னல அடைக்கலாம். சேசிஸ மட்டும் பாத்து எடுக்கோணும். அதுல கை வைக்க முடியாது."

கடைசி வரிசையில் அதைப் பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு மாலை ஆறேகாலுக்குக் கிளம்பும் தனியார் வண்டி. இணையமும் மெயிலும் வருவதற்கு முன் என் செய்திகள் எல்லாம் அதில்தான் போயின. எழுதி, புகைப்படச் சுருளையும் சேர்த்து உறையில் போட்டு, பேருந்து நிலையத்துக்கு ஓடி, கண்டக்டர் கையில் கொடுப்பேன். மதுரையில் அலுவலகப் பையன் வந்து வாங்கிக்கொள்வான். ஆறேகாலைத் தவறவிட்டால் செய்தி மறுநாள் வராது. இதே வண்டி அல்ல. அது எப்போதோ இரும்புக்குப் போயிருக்கும். அதே முதலாளி, அதே நேரம், அதே பச்சை நிறம். அப்புறம் வந்த வண்டி.

"இதுதான்" என்றேன்.

"முதல்ல பாத்த பொண்ணையே கட்டுற பழக்கம் உங்களுக்கு" என்றாள்.

நாச்சிமுத்து சிரித்தார். ஜெசிந்தா ஏறிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பயணக் களைப்பாக இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இடது முழங்கால் கன்றிப்போயிருக்கிறது. பட்டறையில் இரும்புச் சட்டங்களை வழியிலேயே போட்டுவைக்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மறுபடியும் கரூர். ஒரு செய்தியை எப்படி விசாரிப்பேனோ அப்படித்தான் ஒவ்வொரு வண்டியையும் விசாரிக்கிறேன். விற்பவர் சொல்வது ஒன்று. ஓட்டிய டிரைவரையோ பழுது பார்த்த மெக்கானிக்கையோ தேடிப் பிடித்துக் கேட்பது இரண்டு. இரண்டும் ஒத்துப்போனால்தான் குறித்துக்கொள்வேன். முப்பத்து நான்கு வருடத்துப் பழக்கம்.

இன்று பார்த்தவை:

படுக்கை வசதி ஆம்னி பஸ். படுக்கை தயாராக இருக்கிறது. ஆனால் சன்னல் எதுவும் திறக்காது. உள்ளே பீரோவுக்குள் நிற்பது போல இருந்தது. ஏ.சி. நின்றால் மூச்சும் நின்றுவிடும். வேண்டாம்.

கல்லூரி பஸ். அதிகம் ஓடாதது. ஆனால் தரைத் தகட்டை ஜெசிந்தா காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். துரு மாவாகக் கொட்டியது. விற்க வந்தவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "சும்மா ஒரு வார்ம் அப்" என்றாள்.

நூற்பாலை ஆட்களை ஏற்றி இறக்கிய மில் பஸ். குட்டை. உள்ளே நான் நிமிர்ந்தால் கூரையில் தலை இடிக்கிறது. முன்கண்ணாடி மட்டும் பெரியது. இடது பக்க முன்சன்னல் தரைக்குச் சற்று மேலிருந்து தொடங்குகிறது. பார்த்தோம், அவ்வளவுதான்.

ஆறேகால் வண்டியின் மெக்கானிக்கை விசாரித்தேன். இன்ஜின் சுத்தமாம். நாச்சிமுத்துவும் அதையே சொன்னார். ஒத்துப்போகிறது.

ஜெசிந்தா எல்லா வண்டியிலும் குறுக்கே தரையில் படுத்துப் பார்த்தாள். கால் நீட்ட முடிகிறது, கட்டிலைக் குறுக்கே போடலாம் என்றாள். சமையல் மேடை இடது பக்கம் வேண்டுமாம். வலது பக்கம் சன்னலைத் திறந்தால் லாரிப் புகை குழம்பில் விழும். இதெல்லாம் சரி. ஆனால் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டாள். "இதை ஒடிச்சுத் திருப்ப எவ்வளவு இடம் வேணும்?" அவளுக்கு எதற்கு அது?

பிப்ரவரி 24, திங்கள்

சான்றிதழுக்காகக் கண் ஆஸ்பத்திரி. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண் சுலபமாக முடிந்தது. இடது கண்ணுக்கு வைத்தபோது நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"ஓடிட்டுத்தான் இருக்கு சார். நீங்க பாருங்க" என்றாள்.

டாக்டர் நிறையப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம். தினமும் இரவில் சொட்டு மருந்து. சான்றிதழை இன்று தரவில்லை. கனரக வண்டி பற்றிக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். உதட்டைப் பிதுக்குவதை மேற்கோளாகப் போட முடியாது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"பவர் மாறியிருக்காம்."

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். தவக்காலம் முடியும் வரை தினமும் காலைத் திருப்பலிக்குப் போகப்போவதாக ஜெசிந்தா சொன்னாள். விடியும் முன்பே கிளம்பிவிட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே கடைசி மணிக்கு ஓடுகிறவள். வயது ஏற ஏறப் பக்தி வரும் போலிருக்கிறது.

சைக்கிளில் போன ஒருவன் என் முழங்கையை உரசிவிட்டு, "கண்ணு தெரியலயா பெருசு?" என்று கேட்டுவிட்டுப் போனான். இப்போதெல்லாம் யாரும் மணி அடிப்பதில்லை.

மார்ச் 12, புதன்

சில விஷயங்கள். காரணம் தெரியவில்லை, குறித்து மட்டும் வைக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளர் என் வலது பக்கத்துக்கு வந்துவிட்டது. வாரம் ஒரு முறையாவது நான் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது நின்றிருக்கிறது.

தெருவில் நடக்கும்போது ஜெசிந்தா என் இடது பக்கமாகவே வருகிறாள். முன்பெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடப்பாள்.

அவள் வலது முழங்கை மட்டும் வெயிலில் கறுத்திருக்கிறது. மைதானத்தில் நின்ற காலத்தில் இரண்டு கையும் ஒரே நிறமாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதர் என்னை நிறுத்தினார். "டீச்சருக்கு உடம்பு சரியில்லயா? வாரநாள்ல காலைப் பூசைக்கு எல்லாரும் வர்றாங்க, அவங்களத்தான் காணோம்."

சமாளித்தேன். இருமல் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் யோசித்தேன். விடியும் முன் போய், வெயில் ஏறியபின் வருகிறாள். வாடகை வீடு பார்க்கிறாள். வேறென்ன இருக்க முடியும்? பஸ் திட்டம் நடக்காது என்று முடிவுகட்டிவிட்டாள், என்னிடம் சொல்ல மனமில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவளும் ஒன்று கேட்பாள்.

அடுத்த சனிக்கிழமை ஆறேகால் வண்டியை ஓட்டிப் பார்த்து, அன்றே பேசி முடித்துவிட வேண்டும். வண்டி வாசலுக்கு வந்துவிட்டால் அவள் மனசு மாறும். சான்றிதழை வேறு டாக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொன்றரை மணி வாக்கில் பட்டறை மைதானத்தில் ஆறேகால் வண்டியில் ஏறினேன். ஜெசிந்தா கீழே, நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் நின்றாள். கிளட்ச் கனமாக இருந்தது. ஆனால் கை மறக்கவில்லை. முதல் கியர், இரண்டாவது. வாசல் வரை போய் வலதுபுறம் திருப்பினேன். நன்றாகத் திரும்பியது. நாச்சிமுத்து கைதட்டினார். திரும்பி வரும்போது கொட்டகையை ஒட்டி இடதுபுறம் ஒடித்தேன்.

சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன்.

டீக்காரரின் சைக்கிள். இடது முன் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. கேன் நசுங்கி டீ மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. டீக்காரர் கையில் ஒரு டம்ளரோடு அதற்கு ஓரடி தள்ளி நின்றார். அவர் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் கத்தவில்லை. டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை. "ஹார்ன் அடிச்சுட்டே வந்தீங்களே சார், அதான் பாத்துட்டு வர்றீங்கன்னு நின்னேன்" என்றார்.

நாச்சிமுத்து ஓடிவந்தார். "சைக்கிளுதானுங்க, உடுங்க. புதுசா வாங்கிக் குடுத்துரலாம்."

ஜெசிந்தா வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். என் கையைப் பிடித்து இறக்கினாள். இடது பக்கமாக நின்று.

திண்டுக்கல் வரும் வரை காரை அவள் ஓட்டினாள்.

மார்ச் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் அவள் எங்கும் போகவில்லை. இரண்டு காபியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"எது?"

"ரிப்போர்ட்டர் சார், கேள்வியத் திருப்பிப் போடுற வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். இடது பக்கம் எத்தனை நாளாத் தெரியல?"

"தெரியாம இல்ல. ஓரத்துலதான் கொஞ்சம்..."

"ஊர்ல ஒரு சாக்கடை அடைச்சுக்கிட்டாக்கூட ரெண்டு பேருகிட்ட விசாரிச்சு எழுதுவீங்க. உங்க கண்ணப் பத்தி யாருகிட்ட விசாரிச்சீங்க? உங்ககிட்டயேதான?"

"டாக்டர்கிட்டயும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

சொன்னேன். நரம்பு. போனது திரும்பாது. மருந்து விடாமல் போட்டால் இருப்பது இருக்கும். நேராகப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் இப்போதைக்குக் குறைவில்லை. கனரக வண்டி கூடாது. காரும்கூட. ஒரு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"அப்ப ரெண்டு பேரு சொல்லியாச்சு. ஒத்துப்போகுது. அப்புறம் ஏன் செய்தி போடல?"

"போட்டா பஸ் போயிடும். ஓட்ட ஆள் வேணுமே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் வலது கையை மேசைமேல் நீட்டினாள், கறுத்த முழங்கை தெரியும்படி.

"இது எப்படி வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

"வீடு பாக்க அலையிறன்னு நெனச்சேன்."

"வீடா?" அவள் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "வீடு பாக்கப் போறவளுக்கு ஒரு கை மட்டும் எதுக்குங்க கறுக்கும்? டிரைவர் சீட்டு சன்னல்ல வச்ச கை இது. டிரைவிங் ஸ்கூல் லாரி. காலைல அஞ்சரைக்குப் பைபாஸ்ல. எல்.எல்.ஆர். போன மாசமே எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"பொங்கலுக்கு மக வீட்டுக்குப் போறப்ப, இடது பக்கம் வந்த ஆட்டோவ நீங்க பாக்கவே இல்ல. அப்பவே தெரியும். கேட்டா பவரும்பீங்க, லைட்டும்பீங்க. சண்டை போடுறதுக்குப் பதிலாக் கத்துக்கலாம்னு போனேன்."

"பூசைன்னு பொய் சொல்லிட்டு?"

"அதுக்குத் தவக்காலம் முடியுறதுக்குள்ள ஃபாதர்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். நீங்களும் வாங்க. உங்களுது என்னுதவிட நீளம்."

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஓட்டச் சொல்லித்தரும் மாஸ்டர் முதல் நாள், "அம்மா, காரே போதுமே" என்றாராம். நான்காம் நாளிலிருந்து மற்றவர்களிடம், டீச்சர் கியர் போடுவதைப் பார்க்கச் சொல்கிறாராம். இதை அவள் சொன்னாள். மாஸ்டரை இன்னும் விசாரிக்கவில்லை.

மார்ச் 29, சனி

கரூர். முதல் வேலையாக டீக்காரருக்குப் புது சைக்கிளும் கேனும். சைக்கிளை வாங்கிக்கொண்டு, என்னை நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தார். "இன்னைக்கு யாரு சார் ஓட்டுறது?" என்றார். ஜெசிந்தாவைக் காட்டினேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

ஜெசிந்தா முதலில் ஆறேகால் வண்டியில்தான் ஏறினாள். எனக்காக. ஒரு சுற்று வந்தாள். இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஓட்டலாம். ஆனா ஊருக்குள்ள ஒரு தெருவுல மாட்டிக்கிட்டா ரிவர்ஸ் எடுக்க என்னால ஆகாது. இது உங்களுக்குப் பழசெல்லாம் ஏத்திட்டு வர்ற வண்டி. எனக்கு வீடு ஏத்திட்டுப் போற வண்டி வேணும்."

மில் பஸ்ஸின் சாவியை நாச்சிமுத்துவிடம் கேட்டு வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

பிறகு மில் பஸ். கொட்டகையை ஒட்டி அதே இடத்தில் இடதுபுறம் ஒடித்தாள், சுவருக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் விட்டு. நாச்சிமுத்து பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"கூரை இடிக்குமே" என்றேன்.

"அட, அத அறுத்துத் தூக்கிப் போட்டுரலாமுங்க சார். அதுக்குத்தான் நாங்க இருக்கறோம்" என்றார் நாச்சிமுத்து.

நான் இடது பக்க முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கண்டக்டர் உட்காரும் இடம். நேரே பார்த்தால் சாலை. தலையை முழுதாகத் திருப்பினால் அந்தப் பெரிய சன்னலில் பக்கக் கண்ணாடி, நடைபாதை, கீழே சக்கரத்தின் ஓரம் வரை எல்லாம் தெரிகிறது. ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் எனக்கு இல்லை. திரும்பிப் பார்த்தால் இருக்கிறது.

"முன்கதவ அடைச்சிரலாங்களா? அலமாரி வைக்க இடம் கிடைக்கும்" என்றார் நாச்சிமுத்து.

"வேண்டாம். கதவும் இந்தச் சீட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா.

ஓட்டிய டிரைவர், மில் மெக்கானிக் இருவரையும் விசாரித்தேன். இன்ஜின் சரி. கிளட்ச் தட்டு மாற்ற வேண்டும். ஒத்துப்போகிறது. மில் பஸ் முடிவாகிவிட்டது.

கிளம்பும் முன் ஆறேகால் வண்டியை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் காரில் காத்திருந்தாள். ஹார்ன் அடிக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஜெசிந்தா கனரக உரிமத் தேர்வில் தேறிவிட்டாள். நேற்று பாவசங்கீர்த்தனமும் முடித்துவிட்டாளாம். ஃபாதர் கேட்டுச் சிரித்துவிட்டாரா என்று கேட்டேன். அதையெல்லாம் சொல்லக்கூடாது என்றாள்.

மே 9, வெள்ளி

புதுக் கூரை ஏறிவிட்டது. நிமிர்ந்து நின்றேன். கையையும் தூக்கிப் பார்த்தேன்.

மே 26, திங்கள்

வண்டியை வீட்டு உபயோகத்துக்கு மாற்றிய பதிவு கிடைத்துவிட்டது. இதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனோம் என்பதை எழுதப்போவதில்லை. இது நம்பிக்கையான நாள். குறுக்கே கட்டில். இடது பக்கம் அடுப்பு. கூரையில் தண்ணீர்த் தொட்டி. சொட்டு மருந்துக்கு அடுப்பு மேடையில் தனியாக ஒரு குழி வெட்டச் சொல்லியிருக்கிறாள், வண்டி குலுங்கினாலும் விழாதபடி.

மே 31, சனி

வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நானும் உங்க கூடவே வந்துரலாம் போலிருக்கே" என்றார். "இடிச்சுக் கட்டிட்டு வாங்க" என்றாள் ஜெசிந்தா.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கழுத்திலிருந்து எதையோ கழற்றி என்னிடம் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த விசில். அதே நீலக் கயிறு.

"ஒண்ணு அடிச்சா நிறுத்தணும். ரெண்டு அடிச்சாப் போகலாம். தெரியுமில்ல?"

"ஆறேகால் வண்டியில தினமும் கேட்டதுதான்."

"இடது பக்கம் இனி உங்க பீட், நீங்கதான் செய்தி தரணும். நான் பாக்க மாட்டேன்னு இல்ல. ஆனா நீங்க சொல்லாம திருப்ப மாட்டேன்."

இரண்டு விசில் அடித்தேன். வண்டி கிளம்பியது.

வத்தலக்குண்டு சாலை. வெயில் இன்னும் ஏறவில்லை. நான் ஒவ்வொரு கிளைச் சாலைக்கும் தலையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். "இடது காலி." "இடதுல டிராக்டர்." "இடதுல ஒரு ஆடு, யோசிச்சிட்டு நிக்குது." ஆட்டுக்கு மட்டும் ஜெசிந்தா சிரித்தாள். கண் சாலையிலேயே இருந்தது.

செம்பட்டி தாண்டி ஒரு நிறுத்தம். ஜெசிந்தா எதிரே முந்திக்கொண்டு வந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடது பக்கம் திரும்பினேன். புளியமரத்து நிழலில் பூக்கூடையோடு ஓர் அம்மா. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நிழலோடு நிழலாக இருந்தாள். நான்தான் பார்த்தேன்.

ஒரு விசில்.

வண்டி ஓரமாக நின்றது. "என்னங்க?" என்றாள் ஜெசிந்தா.

"ஆளு."

அந்த அம்மா கூடையை முதலில் படியில் வைத்தாள். "வத்தலக்குண்டு போகுமா?" என்று கேட்டபடி ஒரு காலைத் தூக்கி வைத்தவள், உள்ளே பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். கட்டில், அடுப்பு, கொடியில் என் துண்டு.

"இதென்னய்யா, வீடா இருக்கு?"

"வீடுதாம்மா" என்றேன்.

"போகுமா போகாதா?"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். "போகும்மா. ஏறிக் கட்டில்ல உக்காருங்க. கண்டக்டர், கூடைய வாங்குங்க."

கூடையை வாங்கி உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தினேன். தலையை முழுதாகத் திருப்பி, கண்ணாடியையும் சாலை ஓரத்தையும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

இரண்டு விசில்.